கயிறு பிடிக்கிற கை

தென் சூடான்,
9 பிப்ரவரி 2025

மரியே வாழ்க.

அன்புள்ள மச்சான் பாஸ்கலுக்கு, கிளைட்டன் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகமா? உன் வலது காதில் சீழ் நின்றதா? இசபெல்லா அக்காவுக்கு என் விசாரிப்பைச் சொல். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வெயிலில் கருத்ததைத் தவிர. ஏற்கெனவே கருப்பு என்பதால் அதிலும் பெரிய நஷ்டமில்லை.

போன் இருக்கும்போது இவன் எதற்குத் தாளில் எழுதுகிறான் என்று நினைப்பாய். நான் இங்கே வந்ததிலிருந்து டயானா உன் வீட்டில்தான், உன் போன் உன் கையில் இருப்பதைவிட அவள் கையில் இருக்கும் நேரம்தான் அதிகம். உனக்கு வருகிற வாட்ஸப்பையே உன் தங்கச்சிதான் உனக்கு வாசித்துக் காட்டுகிறாள். அதனால் ராணுவத் தபாலில், திரேஸ்புரம் சங்குக் கொட்டகை முகவரிக்கு எழுதுகிறேன்.

இங்கே ஐ.நா. அமைதிப்படை முகாமில் எனக்கு சப்ளை வேலை. பட்டாலியன் முழுவதற்கும் அரிசி, ஆட்டா, பருப்பு, டீசல், தண்ணீரைச் சுத்தம் செய்கிற மருந்து எல்லாம் தட்டுப்பாடில்லாமல் வந்து சேர வேண்டும். இந்த ஊர் மண் எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் போன்றது. மழையில் நனைந்தால் லாரிச் சக்கரத்தை விழுங்கிவிடும். அதனால் சாமான்கள் வெள்ளை நைல் ஆற்றில் பார்ஜில் வருகின்றன. நம் தோணியின் அழகெல்லாம் அதற்குக் கிடையாது. மிதக்கிற இரும்புத் தட்டு, அதைத் தள்ள ஒரு படகு, அவ்வளவுதான்.

போன வாரம் மூட்டை இறக்கும்போது கரையில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து ஆற்றில் விழுந்தது. பார்ஜ் மெல்ல நகர்ந்தது. எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை மச்சான், பூட்ஸோடு குதித்துவிட்டேன். கயிற்று முனையைப் பிடித்துக் கரையேறி, முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் இந்த ஆற்றில் முதலை உண்டு என்பது ஞாபகம் வந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

மேஜர் சாப் என்னைத் திட்டினார். திட்டி முடித்து, "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார். திரேஸ்புரத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? தெரியும் என்றேன். மறுநாள், பார்ஜுக்குக் காவலாக ஆற்றில் போகிற ஆட்களில் என் பெயரும் இருந்தது.

டயானாவுக்கு நான் கொடுத்த வாக்கு உனக்குத் தெரியும். பனிமய மாதா கோயிலில் நீயும் பக்கத்தில்தான் நின்றாய். தண்ணீர் வேலைக்குப் போகமாட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் அவள் கல்யாணத்துக்கே சம்மதித்தாள். உன்னோடு சங்கு குளித்ததை விட்டேன். நேவிக்குப் போகாமல் தரைப்படையில் சேர்ந்தேன். கடற்கரைக்காரன் மண் மிதிக்கப் போகிறான் என்று ஊரே சிரித்தது. கடைசியில் ஆப்பிரிக்காவின் நடுவில் வந்து தண்ணீரில் மாட்டிக்கொண்டேன்.

அவளுக்குத் தெரிய வேண்டாம், பயத்திலேயே பாதியாகிவிடுவாள். ஆனால் சங்கு குளிக்கையில் எனக்கு மேலே கயிறு பிடித்த உன்னிடம் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
கிளைட்டன்


திரேஸ்புரம், தூத்துக்குடி,
2 மார்ச் 2025

மாதா துணை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, பாஸ்கல் எழுதுவது.

இங்கே எல்லோரும் மாதா புண்ணியத்தில் சுகம். காது தேவலை. டயானா பேசுவது மட்டும் கேட்காமல் இருந்தால் இன்னும் தேவலை.

நல்ல இடம் பார்த்துக் கடிதம் போட்டாய். தபால்காரர் கொட்டகை வாசலில் நின்று, "பாஸ்கல் அண்ணாச்சி, மிலிட்டரியிலேர்ந்து வந்திருக்கு. இந்த வயசுல பட்டாளத்துக்குப் போவப் போறியளோ?" என்று சத்தமாகக் கேட்டார். சங்கு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தம்பிக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கேன் என்று சமாளித்தேன். எனக்குத் தம்பியே கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இனி சிரிப்பில்லாத விஷயம். அப்பா செத்த கதை உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ மறந்தவன் மாதிரி குதித்திருக்கிறாய், ஆகவே எழுதுகிறேன். முத்துக்குளித்த காலத்திலிருந்து நம் ஆட்களில், கடலுக்குள் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான். தன் கூடப்பிறந்தவள் தாலியறுக்கக் கூடாது என்று நினைக்கிறவன் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பமாட்டான். அன்றைக்கு அப்பாவுக்குக் கயிறு பிடிக்க வேண்டிய மாமா புன்னைக்காயலுக்கு ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டார். கூலிக்கு ஒருத்தன் பிடித்தான். "அவரு கயித்தைச் சுண்டல, அதான் நான் இழுக்கல" என்றான் பிறகு. சுண்ட முடிந்தால் அப்பா சுண்டியிருக்க மாட்டாரா? நேரமாகிவிட்டது என்று பிடிக்கிற கைக்குத் தெரிய வேண்டாமா? டயானா அப்போது கரையில் நின்றாள், பத்து வயதுப் பிள்ளை.

அவளிடம் மறைக்கச் சொல்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சரி, மறைக்கிறேன், ஆனால் ஒரு ஏற்பாடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிடும்போது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பாள். நானும் பக்கத்தில் இருப்பேன். பேச்சுக்கு இடையில் போனை நகத்தால் தட்டு. நாம் கயிற்றில் சுண்டிய அதே கணக்கு. ஒன்று, இறங்குகிறேன். இரண்டு, பத்திரமாக இருக்கிறேன். மூன்று, இழு. மூன்று தட்டு வந்தால் நான் யோசிக்கமாட்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, உன் பெரிய அதிகாரிக்கு அவள் கையாலேயே மனு எழுத வைப்பேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்காது, பயப்படாதே. பெண்பிள்ளைகளை நாம் கயிற்றுப் பக்கமே விடுவதில்லையே.

உன் மச்சான்,
பாஸ்கல்


தென் சூடான்,
20 ஏப்ரல் 2025, உயிர்ப்புப் பெருவிழா

அன்புள்ள மச்சானுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். பூசைக்கு எல்லோரும் போனீர்களா? இங்கே கேரளத்துச் சாமியார் ஒருவர் வந்து, டீசல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுப் பூசை வைத்தார். தூபத்தைவிட டீசல் வாசம்தான் தூக்கலாக இருந்தது.

இரண்டு தட்டும் உனக்குக் கேட்டிருக்கும். முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது. ஆட்டா மூட்டைகளுக்கு நடுவில் கொசுவலை கட்டித் தூக்கம். விடிந்தால் அடுப்பு மூட்டி ரொட்டி, பருப்பு. மத்தியானமும் ரொட்டி, பருப்பு. முகாமுக்குத் திரும்பினால் பக்கத்து முகாமில் இருக்கிற வேறு நாட்டுப் படைக்காரர்கள் நம் பருப்புக்கு முட்டை மாற்றிக்கொள்வார்கள். சமையல்கார ஜெபின், நாகர்கோவில் பையன், தேங்காய்ப்பால் பவுடரைக் கரைத்து ஆற்று மீனில் குழம்பு வைக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம்ம ஊர், திறந்தால் ஆப்பிரிக்கா.

ஒன்று சொல்கிறேன், என்னை ஏசாதே. இறங்கும்போது பயமாகத்தான் இருந்தது. ஆற்றின் இருபக்கமும் கோரை மண்டிக் கிடக்கிறது. நாணலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் பார்ஜ் நகர்ந்து, இரும்புக்கு அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் முதுகில் கேட்டதும் என் நெஞ்சு இளகிவிட்டது. நீயும் நானும் முயல் தீவுக்கு அப்பால் வள்ளத்தில் படுத்துக்கிடந்த விடியற்காலங்கள் ஞாபகம் வந்தன. பழைய சோற்றுச் சட்டி, உன் பீடிப் புகை, தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது. கல்யாணத்துக்கு முன்பே முறை சொல்லி, நீ என் இடுப்பில் முடிச்சை இழுத்துப் பார்த்து, "போலே மாப்ள, சங்கு உன்னயக் கேக்குது" என்பாய். அடியில் மணல் வெள்ளையாகத் தெரிகிற அந்த நிமிஷத்துக்குப் பிறகு அவ்வளவு அமைதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அதை நான் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். ஆறு வந்து கிளறிவிட்டது.

இதை டயானாவிடம் சொல்ல முடியாதது ஆபத்தைச் சொல்ல முடியாததைவிடப் பெரிய பாரமாக இருக்கிறது.

அன்புடன்,
கிளைட்டன்


திரேஸ்புரம்,
18 மே 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே.

உன் கடிதத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்துவிட்டு வேலைக்குப் போக மனமில்லாமல் இன்னொரு டீ குடித்தேன். பழையதைக் கிளறுகிற ஆளுக்குப் பீடிப் புகை மட்டும் எப்படி மறக்கவில்லையோ. இசபெல்லா பீடியை நிறுத்தச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அவளிடம் நீ ஒன்றும் எழுதிவிடாதே.

ஏற்பாடு நன்றாக நடக்கிறது. நீ மூன்றாம் முறை போய் வந்ததையும் தெரிந்துகொண்டேன். டயானாவுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் வீட்டில் ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது என்கிறாள். சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியை அணைக்கிறாள். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அதையும் நிறுத்துகிறாள். வேர்த்து ஊற்ற உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்கிறோம். "அவளுக்கு உங்க மாப்பிள்ளை ஏக்கம், சும்மா இரிங்க" என்று இசபெல்லா சொல்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு வருகிற ஏக்கத்துக்கு நான் ஏன் வேர்க்க வேண்டும்?

போன வாரம் அவளாகவே என்னிடம், "அண்ணே, இப்பவும் குளிக்கப் போற ஆளுவளுக்கு மச்சானுவதான் கயிறு பிடிக்காவளா?" என்று கேட்டாள். மூச்சு விடக் கம்ப்ரசர் குழாய் வந்துவிட்டாலும் கயிறு உண்டு, பிடிப்பதும் மச்சான்தான் என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள். அப்பா நினைப்பு வந்திருக்கும் பாவம்.

உன் மச்சான்,
பாஸ்கல்


திரேஸ்புரம்,
1 ஜூன் 2025

இயேசு மரி சூசை.

அன்புள்ள அத்தானுக்கு டயானா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் சுகத்தை உங்கள் குரலிலேயே தெரிந்துகொள்கிறேன். லீவில் வந்த ஜெபின் தம்பி திரும்பிப் போகும்போது வீட்டுக்கு வந்தது. அதனிடம் மக்ரூன் ஒரு டப்பா, நெத்திலிக் கருவாடு, அரைத்த மசாலா கொடுத்துவிட்டிருக்கிறேன். மக்ரூனை முதல் நாளே எல்லோருக்கும் பங்கு வைத்துவிடாதீர்கள். உங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

தம்பிக்குச் சோறு போட்டேன். உங்களைப் பற்றிக் கேட்டேன். நல்லா இருக்காரு, ஸ்டோர்ல உருளைக்கிழங்கு எண்ணுதாரு என்று சொன்னது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மீன் நன்றாக இருக்கிறது என்று நாலு தடவை சொன்னது.

வெயில் இந்த வருஷம் அதிகம். அண்ணனுக்குக் காது சரியாகவில்லை, சரியாகிவிட்டது என்று உங்களுக்கு எழுதுவான், நம்பாதீர்கள். அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் ஆறெல்லாம் பெருகும் என்று ஜெபின் தம்பி சொன்னது.

இரண்டு வேளையும் செபமாலை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுங்கள்.

உங்கள்,
டயானா


தென் சூடான்,
6 ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகமா? டயானா கொடுத்துவிட்ட கருவாட்டைப் போன வாரம் பொரித்தோம். வாசத்துக்கு வாசல் காவலில் நின்ற பஞ்சாபிக்காரன் ஏதோ செத்துக்கிடக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டான். மக்ரூன் இன்னும் மூன்று இருக்கிறது. வாயில் போட்டால் கரைகிற சாமானைச் சேர்த்து வைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

மழை தொடங்கிவிட்டது. முகாமுக்குள் பலகை போட்டு அதன் மேல் நடக்கிறோம். மண் நிரப்பிய கம்பிக்கூண்டுச் சுவர் நனைந்து சரிகிறது. ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. ஆட்டா குறைந்துகொண்டே வருகிறது, ஜெனரேட்டருக்கு டீசலும் அப்படித்தான். முகாம் வேலிக்கு அந்தப் பக்கம், சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சாமான் ஆற்றில்தான் வர வேண்டும். அதனால் இந்தத் தடவை பெரிய பயணம். ஆறு பெருகி, வழியில் தாமரை போன்ற பச்சைக் கொடி அடைத்துக் கிடக்கிறது. எத்தனை நாள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்றை மறைத்தால் உன்னிடமும் பொய் சொன்னவன் ஆவேன். இந்தத் தடவை என் முறை இல்லை. யார் வருகிறீர்கள் என்று மேஜர் சாப் கேட்டதும் என் கை மேலே போய்விட்டது. பிறகுதான் அது என் கை என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு தட்டுத் தட்டுவேன். முகாமில் டவர் பழுது, சில வாரம் போன் வராது என்று டயானாவிடம் சொல்லி வைக்கிறேன். மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு நான் இருக்கமாட்டேன். எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி வை.

கிளைட்டன்


திரேஸ்புரம்,
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு தட்டுக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நேற்றுத் திருவிழா முடிந்தது. கொடியேற்றத்துக்குப் போனேன், நீ சொன்ன மெழுகுதிரியை வைத்தேன். கூட்டத்தில் நம் கூட்டாளிகள் எல்லோரும் கேட்டார்கள், "ஏலே, உன் மச்சான் எப்ப வாரான்?" என்று. வருவான் என்றேன்.

கையை உயர்த்தினேன் என்று எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்? கொட்டகையில் அந்தக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு பொறுக்கி எடுத்து நீவி வைத்தேன். உன்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் கோபப்பட நீ திரும்பி வர வேண்டும்.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று தட்டு வந்தால் இழுப்பேன் என்று வீரமாகச் சொன்னேன். வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. கூலிக்குப் பிடித்தவனும் இதைத்தானே சொன்னான்? அவரு சுண்டல, நான் இழுக்கல. அவனை இருபத்தெட்டு வருஷமாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவன் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் டயானாவிடம் சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அவள் திருவிழாச் சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்ன அண்ணே?" என்றாள். உப்பு வேணும் என்று சொல்லி உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கையில் உப்போடு வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

சங்குத் தொழில் இல்லாத மாதம். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை வள்ளத்தில் மீனுக்குப் போகிறேன். இதை வாசித்ததும் எழுது.

பாஸ்கல்


தென் சூடான்,
24 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள மச்சானுக்கு,

நான் உயிரோடும் உடம்போடும் இருக்கிறேன். மாதாவுக்கு நன்றி. புதன்கிழமை முகாமுக்கு வந்து போனில் பேசியபோது என் குரலைக் கேட்டிருப்பாய். டயானா எதிரில் எதுவும் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பச்சைக் கொடி அடைத்து பார்ஜ் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. நகர்த்த முடியவில்லை. சாப்பாட்டைப் பாதியாக்கினோம். அப்படி நிற்கும்போது ஒருநாள் நாணலுக்குள்ளிருந்து சுட்டார்கள். எங்களைக் குறிவைத்தார்களா, பயமுறுத்தினார்களா, தெரியாது. நான் ஆட்டா மூட்டைக்குப் பின்னால் விழுந்தேன். என் தலைக்கு மேல் மூட்டையில் ஓட்டை விழுந்து மாவு என் கழுத்தில் கொட்டியது. சூடான ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தால் வெள்ளை. யாருக்கும் காயமில்லை.

அன்று சாயங்காலம், அது ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை, அதிகாரி ஆளுக்கு ஒரு நிமிஷம் சாட்டிலைட் போனைக் கொடுத்தார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது டயானா நம்பர் ஒன்றுதான். அடித்தேன். எடுத்தது கேட்டது. அதன் பிறகு ஒரே காற்று இரைச்சல். நான் பேசியது அந்தப் பக்கம் போகவில்லை. நிமிஷம் கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தோன்றியது, நகத்தால் இரண்டு தட்டினேன்.

பதில் வந்தது மச்சான். இரைச்சலுக்கு நடுவில், தெளிவாக ஒரு தட்டு. நாம் குளிக்கும்போது நான் இரண்டு சுண்டினால், கேட்டது, பிடித்திருக்கிறேன் என்று நீ மேலேயிருந்து ஒரு சுண்டுக் கொடுப்பாயே, அதே பதில். இத்தனை மாதத்தில் நீ திருப்பித் தட்டியது அதுதான் முதல் தடவை. அன்று இரவு தூங்கினேன். அதற்காக உனக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

கிளைட்டன்


திரேஸ்புரம்,
15 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ பிழைத்துவந்ததற்கு நேற்று பூசைக்குக் கொடுத்தேன். உடம்பு தேறியதா?

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மாப்பிள்ளை, தட்டியது நான் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கச்சான் காற்றில் மாட்டி முயல் தீவுக்கு அந்தப் பக்கம் கடலில் கிடந்தேன். வீட்டுக்கு வரும்போது மணி பத்து. டயானா எனக்குச் சோறு போட்டாள். அந்த வாரம் முழுக்க நான் சாப்பிடாமல் கிடந்தவன். அன்றைக்கு இரண்டு துண்டு மீனைத் தட்டில் வைத்து, "அத்தான் சொகமாத்தான் இருப்பாவ, சாப்பிடு" என்றாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் எனக்குச் சொன்னாள். மடையன், எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் அவளிடம், "நான் காத்துல மாட்டுன சனிக்கிழமை ஏதாவது போன் வந்துதா?" என்று கேட்டேன். அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு, "பேப்பரும் பேனாவும் வாங்கிட்டு வா, அண்ணே. உங்க ரெண்டு பேருக்கும் தபால்தான புடிச்சிருக்கு" என்றாள்.

வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது உள்ளே உட்கார்ந்து எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் வாசலில் இருக்கிறேன். உனக்கு நடக்கப்போவதுதான் எனக்கும்.

பாஸ்கல்


திரேஸ்புரம்,
15 செப்டம்பர் 2025

இயேசு மரி சூசை.

அன்புள்ள அத்தானுக்கு டயானா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமாக இருப்பது எனக்கு அண்ணனுக்கு முன்னாலேயே தெரியும்.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு நீங்கள் பேசும்போது ஒரு தட்டுக் கேட்டது. போனில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். தட்டில் சோறு தீர்ந்துவிட்டது, வெறும் தட்டைப் பிசைந்துகொண்டிருந்தான். ஒரு தட்டு என்றால் இறங்குகிறேன் என்று எனக்குத் தெரியாதா? நான் யார் மகள்? கயிற்றுப் பக்கம் எங்களை விடமாட்டீர்கள். ஆனால் சின்னப் பிள்ளையில் அப்பா தூணில் கயிற்றைக் கட்டி, எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் விளையாட்டுக் காட்டுவார். மீன்குஞ்சு இருக்கிற வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் நீச்சலை ரகசியமாகப் பேசியிருக்கிறீர்கள்.

கோபம் வந்தது. மாதா முன்னால் சொன்ன வார்த்தை. உங்கள் அதிகாரிக்கு மனு எழுத அன்றைக்கே உட்கார்ந்தேன். அடுத்த வாரம் இரண்டு தட்டுக் கேட்டது. அதற்குப் பிறகு நீங்கள் பேசினீர்கள். அத்தான், அந்தக் குரலை நான் பல வருஷமாகக் கேட்கவில்லை. சங்கு குளித்து வந்து, குருசடிக் கோயில் பக்கத்தில் நின்று, கண்ணெல்லாம் சிவக்க என்னிடம் பேசுவீர்களே, அந்தக் குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் உங்களை விரும்பினேன். கல்யாணத்துக்கு அதையே விலையாகக் கேட்டு வாங்கி மூடி வைத்தவளும் நான்தான். மனுவை எழுதவில்லை.

அதற்காக நான் நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் நடுவில் நான் பத்து வயதில் நின்ற கரையிலேயே நின்றேன். ஆகஸ்டில் உங்கள் சத்தம் இல்லாத அந்த நாட்களில் வெங்காயம் உரித்தே அழுதேன். அண்ணன் பாவம், உப்பு வேணும் என்று வந்தான். அவனைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். அலோ என்றேன், காற்று மட்டும் கேட்டது. வைக்கப் போனேன். இரண்டு தட்டு. என் கையெல்லாம் செதில். அந்தக் கையோடு ஒரு தட்டுத் திருப்பித் தட்டிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று மாதா கோயிலுக்குப் போனேன். நீங்கள் கொடுத்த வாக்கு என்னிடம் கொடுத்தது, அதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் தண்ணீருக்குப் போவதும் போகாததும் உங்கள் மனசு. கையை மேலே தூக்கியதை அண்ணன் இப்போதுதான் சொன்னான். தூக்கியது உங்கள் கைதான் என்று எனக்கும் தெரியும்.

ஆனால் இனி அண்ணன் வேண்டாம். அவனுக்குக் காது சரியில்லை, கண்ணில் பொய் நிற்பதில்லை. தங்கச்சிக்காகக் கயிறு பிடிக்க அண்ணன் வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்தத் தங்கச்சி நான்தானே, நானே பிடிக்கிறேன். நீங்கள் மூன்று தட்டினால் இழுப்பேன். மூன்று வராவிட்டாலும், நேரமாகிவிட்டது என்று என் கைக்குத் தோன்றினால் இழுப்பேன். அப்போது உங்கள் மேஜரையும் கேட்கமாட்டேன், உங்களையும் கேட்கமாட்டேன்.

மக்ரூன் தீர்ந்திருக்கும். அடுத்த ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு கூப்பிடுங்கள். முதலில் தட்டுங்கள், பிறகு பேசுங்கள்.

உங்கள்,
டயானா